அணைத்துக் காட்டிய அடுப்பு

அந்த ஊரில் மாப்பிள்ளை என்றால் ஒரே ஆள்தான். தலை நரைத்து, முன்பல் ஒன்று விழுந்து, பெற்ற மகளைத் தொலைதூரத்தில் கட்டிக்கொடுத்தும் ஆகிவிட்டது. ஆனாலும் ஊருக்கு அவர் மாப்பிள்ளை. ரொட்டிக் கடைக்காரரின் மூத்த மகளைக் கட்டிக்கொண்டு வீட்டோடு வந்து தங்கிய நாளில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. மாமனார் கண்ணை மூடி எவ்வளவோ காலமாகிறது. இன்றைக்கும் கடை வாசலில் வந்து நிற்கிற நண்டு சிண்டுகூட, "மாப்பிள்ளே, ரெண்டு பன்னு" என்றுதான் கேட்கும். அவரும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார்.

அவர் மனைவியை ஊர் முழுக்க அக்கா என்றது. அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். மாவு பிசைவது, உருட்டுவது, தட்டில் அடுக்குவது எல்லாம் மாப்பிள்ளையின் பாடு. அடுப்பு மட்டும் அக்காவுடையது. கடைக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ், கவிழ்த்து வைத்த பெரிய சட்டி மாதிரி செங்கல்லால் கட்டிய அடுப்பு. உள்ளே ஓர் ஆள் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு ஆழம். விறகை உள்ளேயே அடுக்கி எரித்து, செங்கல் வெளுக்கிற வரைக்கும் காய்ச்சி, தணலையும் சாம்பலையும் வாரி வெளியே தள்ளி, ஈரச் சாக்கால் தரையைத் துடைத்த பிறகுதான் ரொட்டி உள்ளே போகும். செங்கல் வாங்கி வைத்திருக்கிற சூட்டிலேயே எல்லாம் வேக வேண்டும். முதல் சூட்டில் ரொட்டி, அது தணிந்ததும் பன், கடைசிச் சூட்டில் ரஸ்க். ஒரு பிடி மாவை உள்ளே வீசி, அது சிவக்கிற வேகத்தைப் பார்த்து அக்கா "ம்" என்பாள். அந்த "ம்" வராமல் மாப்பிள்ளை தட்டைத் தொடமாட்டார்.

கல்யாணமான புதிதில் அவரும் அடுப்பில் கை வைத்துப் பார்த்தவர்தான். அன்றைக்கு வைத்த ரொட்டி முழுவதும் கரியாகிவிட்டது. மாமனார் ஒரு வார்த்தை பேசவில்லை. ரொட்டியை அடுப்புக்குள் தள்ளுகிற துடுப்பை அவர் கையிலிருந்து வாங்கி மகளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால்கூட மாப்பிள்ளைக்கு அது எப்போதோ மறந்துபோயிருக்கும்.

அந்த வருஷம் மழை விட்டபாடில்லை. தகரக் கூரையில் நாள் முழுக்கச் சடசடவென்று சத்தம். விறகு ஊறிக் கிடந்தது. நனைந்த விறகு எரியாமல் புகைந்தது. புகை மேலே போகாமல் மழைக்குப் பயந்ததுபோலக் கூரைக்குக் கீழேயே சுற்றிச் சுற்றி வந்தது. அக்கா முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு குனிந்து குனிந்து ஊதினாள். இரும ஆரம்பித்தால் நிற்காது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கண்ணிரண்டும் வெளியே வந்துவிடும்போல இருக்கும். மாப்பிள்ளை மாவுக்கையோடு ஓடிவந்து முதுகைத் தடவுவார். அவள் ஜாக்கெட்டின் முதுகில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "புகை பிடிக்கிற பழக்கம் இருக்கா?" என்று கேட்டார்.

"நான் பிடிக்கலீங்க. அதுதான் என்னை விட மாட்டேங்குது" என்றாள் அக்கா.

டாக்டர் சிரிக்கவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் இப்படியே அடுப்புக்கு முன்னால உட்கார்ந்தீங்கன்னா, அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்லம்மா" என்று மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் திட்டம் வந்தது. கிராமத்துக் குடும்பங்களுக்கும் சிறு தொழில்களுக்கும் புகையில்லாத எரிசக்தி. பள்ளிக்கூடத்து ஹாலில் கூட்டம் போட்டார்கள். சுவரில் பெரிய படம் காட்டினார்கள்: கூரையில் பளபளவென்று சோலார் தகடு, கீழே வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் கரண்டு அடுப்பைத் திறந்து ரொட்டி எடுக்கிறாள். உலகத்தில் எந்த ரொட்டிக் கடையில் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்களோ தெரியவில்லை. செலவில் முக்கால்வாசிக்கு மேல் திட்டமே கொடுக்கும் என்று மைக்கில் சொன்ன பெண் அதிகாரிக்கு வயது அதிகமில்லை. தன் பேச்சைத் தானே முழுசாக நம்பிப் பேசுகிறவளாக இருந்தாள். ஊர் அவளைத் திட்டத்து மேடம் என்றது.

கூட்டம் முடிந்ததும் மாப்பிள்ளை முதல் ஆளாகப் போய் நின்றார்.

மறுநாளே மேடம் கடைக்கு வந்துவிட்டாள். அடுப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். புகையில் அவளுக்கும் கண் கலங்கியது. "பாவம்மா நீங்க" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சும்மா சொல்லக் கூடாது, மனசாரத்தான் சொன்னாள்.

"ஒரே ஒரு கண்டிஷன்தான். இந்த அடுப்பை நிறுத்தி, நல்லா ஆற விட்டு, வாயை அடைச்சுக் காட்டணும். நான் வந்து தொட்டுப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பினாத்தான் மெஷின் கிளம்பும்."

"மெஷின் வந்ததுக்கப்புறம் அடைச்சாப் போதாதுங்களா?" என்றாள் அக்கா.

"வேற ஊர்ல அப்படித்தான்மா விட்டோம். புது மெஷினை வித்துட்டுப் பழைய அடுப்பையே எரிச்சுக்கிட்டு இருக்காங்க. அதனால இப்ப ரூல் மாத்திட்டாங்க. பழையபடி அடுப்பு மூட்டினா மெஷினைத் திருப்பி எடுத்துக்குவாங்க. அதுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்து."

மாப்பிள்ளை கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அக்காவின் தம்பி வந்தான். ஊரில் வீடுகளுக்கு வயர் இழுக்கிறவன், வாய்ப்பேச்சில் கெட்டிக்காரன். டீயைக் குடித்துக்கொண்டே காகிதத்தைப் புரட்டினான்.

"மாமா, இந்த மெஷினுக்கு த்ரீ ஃபேஸ் லைன் வேணும். நம்ம தெருவுல ஏது?"

"மேடம் எழுதிப் போட்டிருக்காளாம் மச்சான்."

"எழுதிப் போட்டா லைன் தானா நடந்து வந்துருமா?" என்று சிரித்தவன், மாமாவின் முகம் விழுந்ததைப் பார்த்து உடனே தொடையைத் தட்டினான். "அட, விடுங்க மாமா. இன்ஜினியர் நம்ம ஆளு. அவர் வீட்டு மோட்டாரே நான்தான் கட்டிக் கொடுத்தேன். லைன் என் பொறுப்பு. நீங்க அடுப்பை அணைக்கிற வேலையைப் பாருங்க."

"நீ பாத்துக்குவியாடா?" என்றாள் அக்கா.

"நான் இருக்கேன்ல, நீ ஏன் கவலைப்படுற?"

அவன் அப்படிச் சொன்ன காரியம் எதுவும் அதுவரை நடந்ததாக அக்காவுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் தம்பியாயிற்றே, வாயை மூடிக்கொண்டாள்.

மேடம் வருகிற தேதி குறிக்கப்பட்டது. அந்த மாதிரி அடுப்பு லேசில் ஆறாது. விறகை நிறுத்தினாலும் வாரம் முழுக்கச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அதைக் கணக்குப் பண்ணித்தான் மாப்பிள்ளை முன்கூட்டியே விறகை நிறுத்தச் சொன்னார். அன்றைக்குக் கடைசி ரொட்டி என்று ஊர் முழுக்கச் சொல்லி, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பன் சும்மா கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை யாரும் பார்த்ததில்லை. புது மெஷினில் சூடு எவ்வளவு என்று கண்ணாடியில் நம்பர் தெரியுமாம். யாருடைய "ம்"முக்கும் காத்திருக்க வேண்டாம். இதை அவர் வெளியே சொல்லவில்லை. அக்காவின் நெஞ்சுக்காகத்தான் எல்லாம் என்று சொன்னார். அதுவும் பொய்யில்லை.

அடுப்பு ஆறிக்கொண்டு வருகையில் அக்கா சும்மா இருக்கவில்லை. இவ்வளவு சூட்டை எவளாவது வீணாக்குவாளா என்று மறுநாள் ரஸ்க் போட்டாள். அதற்கு மறுநாளும் போட்டாள். அதற்கப்புறமும் தட்டுத் தட்டாக ரஸ்க் வந்துகொண்டே இருந்ததைப் பார்த்து மாப்பிள்ளை, நம்ம மாமனார் கட்டின அடுப்பு சூட்டை எப்படிப் பிடிச்சு வெச்சிருக்கு பார் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

மேடம் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் அடைக்கக் கல்லும் மண்ணும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுப்பு வாய்க்குள் கையை விட்டவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உள்ளே அனல் அடித்தது. குனிந்து பார்த்தார். ஓரத்தில், சாம்பலைப் போட்டு மூடி, ஒரு கட்டை கனிந்துகொண்டிருந்தது.

"ஏய், என்னடி இது?"

அக்கா ரஸ்க்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"காலையில ஒரு கட்டை வெச்சேன்."

"இன்னிக்கா?"

"தினமும்தான்."

"உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு? நாளைக்கு வந்து தொட்டுப் பார்க்கப் போறா. சுட்டுச்சுன்னா அப்படியே திரும்பிப் போயிருவா. உன் நெஞ்சு தாங்காதுன்னுதானடி இந்தப் பாடு படறேன்?"

"மெஷின் வந்து இறங்கட்டும், நானே தணலை வாரிக் கொட்டறேன். அது வர்ற வரைக்கும் என்ன பண்ணுவோம்? கடையைத் திறந்து வெச்சு மாவை விப்பமா? வர்றவன் ஒரு வாரம் வருவான், ரெண்டு வாரம் வருவான். அப்புறம் டவுன் ரொட்டிக்குப் பழகிருவான்."

"வந்துரும்னு சொல்லியிருக்கால்ல?"

"யார் சொல்லல? என் தம்பியும்தான் சொல்லியிருக்கான்."

"அதெல்லாம் இல்ல. சொல்லட்டுமா? இது உங்கப்பன் அடுப்பு. அணைக்க உனக்கு மனசு வரல. நெஞ்சு வெடிச்சுச் செத்தாலும் இது முன்னாலதான் சாவேன்னு இருக்க."

அக்கா இப்போது நிமிர்ந்தாள். "ஆமா. எங்கப்பன் அடுப்புதான். உங்களுக்கு இத்தனை வருஷம் சோறு போட்ட அடுப்பு. நீங்க இதை அணைக்கணும்னு இன்னிக்கா நினைக்கறீங்க? எனக்குத் தெரியாதா?"

தெரிந்தே இருந்திருக்கிறாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மாப்பிள்ளை கிணற்றடிக்குப் போனார். இரண்டு குடம் தண்ணீரோடு வந்தபோது அக்காவுக்குப் புரியவில்லை, தரை துடைக்கத்தான் என்று நினைத்தாள். அவரும் அந்தத் துடைப்பை நினைத்துத்தான் துணிந்தார். தினம் தினம் ஈரச் சாக்கால் துடைக்கிற அடுப்புதானே, தண்ணி படாத அடுப்பா இது? தரை தாங்குகிறது, மேல் வளைவு தாங்காதா? ஒரு குடத்தைத் தூக்கி, உள்ளே மேலே பார்த்துத் தண்ணீரை முழு வேகத்தோடு வீசினார்.

"ஐயோ, மேல ஊத்தாதீங்க!"

ஆவி குபுகுபுவென்று வெளியே வந்து இருவரையும் மறைத்தது. மாப்பிள்ளை அதற்குள் அடுத்த குடத்துத் தண்ணீரையும் வீசிவிட்டார். அப்போது உள்ளே பட்டென்று ஒரு சத்தம். தொடர்ந்து இன்னொன்று. ஆவி கலைந்தபோது மேல் வளைவில் உச்சியிலிருந்து வாசல் வரைக்கும் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு செங்கல் கழன்று, ஈரச் சாம்பலில் தொப்பென்று விழுந்தது. அதன் பின்னால் வரிசையாக இன்னும் சில.

மாப்பிள்ளை குடத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அக்காவுக்கு ஆவி நெஞ்சில் ஏறி இருமல் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அவர் பக்கத்தில் போய்க் கையை நீட்டினார். அவள் நகர்ந்துகொண்டாள். இருமல் நின்றதும், "இப்ப ஆறிடுச்சு, போய் அடைங்க" என்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேடத்திடமிருந்து போன் வந்தது. வண்டி கிடைக்கவில்லையாம், நாளைக்கு வர முடியாதாம், அடுத்த வாரம் வருகிறாளாம். "அவசரம் ஒண்ணுமில்லண்ணே, நல்லாவே ஆறட்டும்" என்றாள். மாப்பிள்ளை "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் மேடம் வந்தாள். அடைத்த வாயில் கையை வைத்துப் பார்த்தாள். படம் எடுத்தாள். இந்தப் பகுதியிலேயே இவ்வளவு ஒழுங்காக அடுப்பை நிறுத்தியது நீங்கள்தான் என்று பாராட்டினாள். உள்ளே என்ன ஆகியிருந்தது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

மெஷின் வர மழைக்காலம் முடிந்து வெயில் வந்துவிட்டது. ஆனால் வந்தது. வரவில்லை என்று யாரும் பழி சொல்ல முடியாது. லாரியிலிருந்து இறக்க ஊரே கூடியது. கல்யாண பீரோ மாதிரி இரண்டு கதவு, கண்ணாடி, நம்பர் ஓடுகிற சின்னத் திரை. கூரையில் தகடுகளையும் மாட்டினார்கள். பொருத்த வந்தவன் கம்பத்தைப் பார்த்தான், மீட்டரைப் பார்த்தான், அப்புறம் மாப்பிள்ளையைப் பார்த்தான்.

"த்ரீ ஃபேஸ் இல்லியா?"

"வந்துரும்."

"வந்ததும் கூப்பிடுங்க. அதுவரைக்கும் தகட்டையும் இணைக்க முடியாது, இந்த மெஷினும் ஓடாது" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டான்.

தம்பி இன்ஜினியர் வீட்டுக்கு நடையாய் நடந்தான். இன்ஜினியர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவருக்கு மோட்டாரும் தெரியாது, மச்சானும் தெரியாது. லைன் இழுக்க ட்ரான்ஸ்ஃபார்மர் மாற்ற வேண்டும், அது அடுத்த வருஷத் திட்டத்தில் இருக்கிறது, ஒரு கடைக்காக ஒரு தெருவுக்கு லைன் இழுக்க முடியுமா என்று கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. இந்தக் கதையில் தப்புச் செய்தவனைத் தேடிப் போனால் ஒருவனும் அகப்படமாட்டான். எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். வயிறெரிய வேறென்ன வேண்டும்?

தம்பி அப்புறம் அக்கா வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டான்.

மெஷினை பிளாஸ்டிக் உறையோடு கடையின் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். மாப்பிள்ளை தினமும் காலையில் அதைத் துடைத்தார். பழைய அடுப்பைக் கட்டிக்கொள்ளலாம் என்றால் கையெழுத்து இருக்கிறது. கட்டினால் மெஷின் போய்விடும், கட்டாவிட்டால் ரொட்டி இல்லை. கொஞ்ச நாள் டவுனிலிருந்து ரொட்டி வாங்கிவந்து விற்றுப் பார்த்தார். "மாப்பிள்ளே, டவுன் ரொட்டியை வாங்க நாங்க டவுனுக்கே போயிக்கிறோமே" என்று ஒருவன் சொன்னான். அன்றோடு அதையும் நிறுத்திவிட்டார்.

"பொண்ணு வீட்டுச் சீர் மாதிரி நல்லா நடுவீட்டுல வெச்சிருக்கீங்க மாப்பிள்ளே" என்று மெஷினைக் காட்டிச் சிலர் கேலி பேசினார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை விட்டுவிட்டார்.

டவுன் பேக்கரியின் முதலாளி அக்காவின் அப்பாவை அறிந்தவர். அவரிடம் இருந்தது பெரிய விறகு அடுப்பு, காலையும் மாலையும் எரிகிற அடுப்பு. எரிக்கத் தெரிந்த ஆள் கிடைக்காமல் அவர் திண்டாடிக்கொண்டிருந்தார். அக்கா ஒருநாள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றாள்.

"எங்க போற?"

"வேலைக்கு."

"என்ன வேலைக்கு?"

"எனக்கு வேற என்ன வேலை தெரியும்?"

மாப்பிள்ளை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "வேணாம். டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? நான் கூலிக்குப் போறேன். மூட்டை தூக்கறேன்."

"தூக்குங்க. ரெண்டு பேரும் போவோம். நகருங்க, பஸ் போயிரும்."

அவர் நகர்ந்தார். அந்த நகர்தலை நினைத்தால் அவருக்குத் தன் முகத்திலேயே காறித் துப்பிக்கொள்ளலாம்போல இருக்கும்.

அங்கே அடுப்பு உள்கட்டில் இருந்தது. ஜன்னல் ஒன்றுதான், அதிலும் மாவு மூட்டை அடுக்கியிருந்தது. தன் அடுப்பில் இருமல் வந்தால் எழுந்து கிணற்றடிக்குப் போகலாம். பேக்கரியில் அப்படி எழுந்து போக முடியாது, ஆள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இருமலை முந்தானையால் அழுத்திக்கொண்டு எரித்தாள். சாயங்காலம் பஸ்ஸில் இறங்கி வரும்போது தெருமுனையில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே நடப்பாள். முதுகு தடவ மாப்பிள்ளை முனைக்கு வந்து காத்திருப்பார். இப்போது அவள் நகர்ந்துகொள்வதில்லை. அதற்குக்கூடத் தெம்பு இல்லை.

அப்படி அவள் வந்துசேர்ந்த ஒரு சாயங்காலம், கடை வாசலில் திட்டத்து வண்டி நின்றது. மேடமும் காமிராக்காரன் ஒருவனும். திட்டத்தால் பலன் அடைந்த குடும்பங்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறார்களாம்.

"லைன் விஷயமா நானும் எழுதிக்கிட்டேதாம்மா இருக்கேன்" என்றாள் மேடம். முகம் வாடியிருந்தது. "கண்டிப்பா வந்துரும். படம் மட்டும் இப்ப எடுத்துக்கறோம். நீங்க மெஷின் பக்கத்துல நில்லுங்க, போதும்."

அக்கா முகத்தில் கரியோடு நின்றாள். காமிராக்காரன், "முகம் கழுவிட்டு வந்தா நல்லாருக்கும்" என்றான். கழுவிக்கொண்டு வந்தாள். மேடம் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"இதென்னம்மா சேலையெல்லாம் கரி? அடுப்பு அணைச்சு எவ்வளவு நாளாச்சு!"

"டவுன்ல ஒரு பேக்கரிக்குப் போறேங்க. அடுப்பு எரிக்க."

மேடம் பதறிப்போனாள். "ஐயோ, எந்த பேக்கரிம்மா?"

அக்கா சொன்னாள். கேட்டதும் மேடத்தின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. அவ்வளவு நேரமும் நல்ல செய்தி ஒன்றுகூடச் சொல்ல முடியாமல் தவித்தவள், கடைசியில் ஒன்று கிடைத்த மகிழ்ச்சியில் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அவங்களும் நம்ம திட்டத்துல சேர்ந்துட்டாங்கம்மா! அவங்ககிட்ட த்ரீ ஃபேஸ் இருக்கு, ஒரு பிரச்சனையும் இல்ல. அடுத்த மாசமே மெஷின் ஓட ஆரம்பிச்சுரும். அந்தப் புகையும் உங்களுக்கு இருக்காது."

"அந்த அடுப்பு?"

"அணைச்சிருவாங்கம்மா."

"மெஷினுக்கு ஆள் வேணுமுங்களா?" என்றார் மாப்பிள்ளை, உள்ளேயிருந்து.

"வேணாம்ண்ணே, பட்டன் தட்டினா..." மேடம் அத்தோடு நிறுத்திக்கொண்டாள். பிடித்திருந்த கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் விட்டாள்.

காமிராக்காரன், "வெளிச்சம் போகுதுங்க" என்றான்.

அக்கா மெஷின் பக்கத்தில் போய் நின்றாள். மாப்பிள்ளை உறையைக் கழற்றிவிட்டு, கதவின் கண்ணாடியை ஒருமுறை துடைத்துவிட்டு ஒதுங்கினார்.

"கொஞ்சம் சிரிங்கம்மா."

"அடுத்த மாசம்தானே மேடம் அணைக்கிறாங்க?" என்று அக்கா கேட்டாள். "அப்போ இந்த மாசம் முழுக்க எனக்கு வேலை இருக்கு, இல்லீங்களா?"

"இருக்கும்மா" என்றாள் மேடம் மெதுவாக.

அக்கா சிரித்தாள். படம் நன்றாக வந்திருப்பதாகக் காமிராக்காரன் சொன்னான்.